காசு யாரோடது, எது வரைக்கும்? சுங்கை சிப்புட்லேருந்து ஒரு பிஎச்டி கேஸ்

எங்க ஊர்ல ஒரு பொண்ணு பிஎச்டி பண்ணுதுன்னு சொன்னா மொத கேள்வி "எவ்ளோ செலவாச்சு"தான். செலவு இல்லங்க, அவங்கதான் மாசாமாசம் காசு குடுக்குறாங்கன்னு சொன்னா உடனே அடுத்தது வரும், "அப்ப எத்தன வருஷம் போண்ட்?", அதாவது படிச்சு முடிச்சு எத்தன வருஷம் அவங்ககிட்டயே வேலை செய்யணும்னு. போண்டும் இல்லன்னு சொல்லிட்டா போச்சு, டைரக்ட் செல்லிங் ஆளு வந்து உக்காந்த மாதிரி நம்மளப் பாப்பாங்க.

நான் மலேசியாவுல, பேரா மாநிலத்து சுங்கை சிப்புட்ல டியூஷன் எடுக்குறவன், பயோலஜியும் கெமிஸ்ட்ரியும். இந்த கேஸ்ல வர்றது என் அக்கா மக. பேரு வேணாம், வீட்ல கூப்புடுற மாதிரி பாப்பான்னே எழுதுறேன், அவகிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன். எஸ்டிபிஎம், அதாவது யூனிக்கு முந்தின பரீட்சை, எழுதுற பிள்ளைங்களும் அவங்க அம்மா அப்பாவும் ஒவ்வொருத்தரா வந்து கேக்குறதால ஒரே தடவையா முழுசா எழுதிடலாம்னு தோணுச்சு. இதுல நல்லது கெட்டது ரெண்டும் இருக்கு, கெட்டத நான் மறைக்கல.

பின்னணி

அக்கா செம்பனைத் தோட்டத்துல உதிரிப்பழம் பொறுக்குறவங்க. அத்தான் குலை வெட்டுவாரு. பாப்பா அஞ்சாம் படிவத்துல இருந்தப்ப அத்தானுக்கு காய்ச்சல் வந்துச்சு, டெங்கின்னாங்க, பிளேட்லெட் கொறஞ்சிருக்குன்னாங்க, பப்பாளி எலச் சாறு குடுங்கன்னு லயத்துல ஆளாளுக்கு சொன்னாங்க. ஆனா கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு, கெண்டைக்கால தொட்டாலே மனுசன் கத்துனாரு, அப்புறம் மஞ்சளா போயிட்டாரு. கடைசியில அது எலி மூத்திரத்துல வர்ற காய்ச்சல், லெப்டோஸ்பைரோசிஸ். பென்சிலின் ஏத்தி, கிட்னி ஒரு வழியா திரும்பி, வீடு வந்து சேந்தாரு. செம்பனைக் காட்டுல எலிக்கு என்ன கொறச்சல், கீழ விழுந்த பழம் எல்லாம் அதுக்கு விருந்து, மழை பேஞ்சா பள்ளத்துல தண்ணி நிக்கும், கால்ல ஒரு சின்ன கீறல் இருந்தா போதும் கிருமி உள்ள போயிடும்.

இந்த நோய் மலாயாவுக்கு புதுசு இல்ல. கோலாலம்பூர்ல 1900-ல ஆரம்பிச்ச மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், ஐஎம்ஆர்னு சொல்றோமே, அங்க பிளெட்சர்ங்கிற வெள்ளக்காரர் 1920கள்லயே இதப் பத்தி எழுதியிருக்காரு. ஆனா டாக்டருங்க கட்டாயம் அரசாங்கத்துக்கு தெரிவிக்கணும்ங்கிற பட்டியல்ல இது சேந்தது 2010-லதான். நடுவுல இருந்த காலத்துல எத்தன தோட்டத்து ஆளுங்க டெங்கின்னு எழுதி அடக்கமானாங்களோ யாருக்குத் தெரியும்.

ஒரு நோய இன்னொரு நோயின்னு நெனச்சு ஏமாந்தது பேராவுக்கு நல்லாவே பழக்கம். 1998 கடைசியில ஈப்போ பக்கத்து பன்னிப் பண்ணைங்கள்ல கெளம்புன மூளைக் காய்ச்சல ஜப்பானிய மூளைக் காய்ச்சல்னு நெனச்சுதான் கொசு மருந்து அடிச்சாங்க, தடுப்பூசி போட்டாங்க. 1999 மார்ச்சுலதான் மலாயா பல்கலைக்கழகத்துல டாக்டர் சுவா காவ் பிங் பிரிச்செடுத்த வைரஸ் யாருமே பாக்காத புதுசுன்னு தெரிஞ்சுச்சு, நெகிரி செம்பிலான் சுங்கை நிப்பா கம்பத்து பேர வச்சு அது நிப்பா ஆச்சு. 265 பேருக்கு வந்து 105 பேரு செத்தாங்க. நம்ம வீட்லேருந்து அர மணி நேர தூரத்துல ஆரம்பிச்ச கத அது. பாப்பா இத படிச்சுட்டு ரெண்டு நாள் இதையே பேசிக்கிட்டு இருந்தா.

எஸ்டிபிஎம் முடிச்சு, ஒரு அரசாங்க யூனில பயோமெடிக்கல் சயின்ஸ் டிகிரி, பிடிபிடிஎன்னு சொல்ற அரசாங்கக் கல்விக் கடன்ல. இந்த டிகிரிய பத்தி ஒரு விஷயம், நெறைய பேரு மெடிசின் கெடைக்காம இதுல வந்து விழுறாங்க, முடிச்சதும் தனியார் லேப்ல ரத்த சாம்பிள் ஓட்டுற வேலைக்குப் போறாங்க. தப்பே இல்ல, நல்ல வேலைதான். ஆனா ஆராய்ச்சின்னு ஒரு பக்கம் இருக்கு, அதுக்கு சம்பளம் மாதிரி ஒண்ணு குடுப்பாங்கன்னு ஃபைனல் இயர் வரைக்கும் யாரும் அவளுக்கு சொல்லல.

மொத ரவுண்டு, உள்ளூர் மாஸ்டர்ஸ்

2022-ல ரிசர்ச் மாஸ்டர்ஸ் சேந்தா. எந்த யூனின்னு சொல்லப் போறதில்ல. சூப்பர்வைசர் கையில எஃப்ஆர்ஜிஎஸ் கிரான்ட் இருந்துச்சு, உயர்கல்வி அமைச்சு குடுக்குற அடிப்படை ஆராய்ச்சி மானியம் அது, அதுலேருந்து ஜிஆர்ஏன்னு, அதாவது ஆராய்ச்சி உதவியாளர்னு, போட்டு மாசம் ஒரு தொகை. அந்தத் தொகை அக்காவோட தோட்டத்து சம்பளத்துக்கு கிட்டத்தட்ட சமம். அப்ப குறைஞ்சபட்ச சம்பளமே 1,500 வெள்ளி, அதாவது ரிங்கிட்தான்.

வேலை என்னன்னா லெப்டோஸ்பைரா கிருமிய வளக்கணும். சொல்றது சுலபம். ஈஎம்ஜேஎச்ன்னு ஒரு மீடியம், 30 டிகிரிக்கு பக்கத்துல வச்சு வாரக் கணக்குல காத்துக்கிட்டு இருக்கணும், மத்த பாக்டீரியா பலதும் ஒரே ராத்திரில பெருகிடும், இது வீட்டுக்கு வந்த புது மருமக மாதிரி வாயத் தொறக்கவே நாளாகும். நல்லா வளந்தா பாதிக் கெட்டியான மீடியம் உள்ள டியூப்ல, மேல்மட்டத்துக்கு கொஞ்சம் கீழ, வெள்ளையா மங்கலா ஒரு வளையம் நிக்கும், டிங்கர் வளையம்னு பேரு. அந்த வளையத்த மொத மொத பாத்தப்ப ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புனா, எனக்கு கலங்கல் தண்ணி மாதிரிதான் தெரிஞ்சுச்சு, "அழகா இருக்குடா"ன்னு போட்டு விட்டேன். வேற கிருமி உள்ள பூந்துட்டா எல்லாம் நாசம், ஆனா அதுக்கு ஒரு தந்திரம் இருக்கு, லெப்டோ அவ்ளோ ஒல்லி, 0.22 மைக்ரான் ஃபில்டர்ல வளைஞ்சு நெளிஞ்சு அந்தப் பக்கம் போயிடும், மத்தது பெரும்பாலும் மாட்டிக்கும். டார்க் ஃபீல்ட் மைக்ரோஸ்கோப்ல பாத்தா கருப்பு பின்னணியில வெள்ளிக் கம்பி துண்டுங்க முனை வளைஞ்சு சுத்திக்கிட்டு இருக்கும். எம்ஏடின்னு இந்த நோய்க்கான முக்கியமான டெஸ்ட்டும் அதே மைக்ரோஸ்கோப்லதான், நோயாளியோட சீரத்த உயிரோட இருக்குற கிருமியோட கலந்து, பாதிக்கு மேல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சான்னு கண்ணால பாத்து சொல்லணும். ஒரு நாள் முழுக்க பாத்தா கண்ணு போயிடும்.

இதுல ஒரு ஓட்டை இருக்கு. காய்ச்சல் வந்த மொத வாரத்துல ஒடம்புல ஆன்டிபாடி போதுமான அளவு இருக்காது, அதனால எம்ஏடி நெகட்டிவ்னு வந்துடலாம். ஆனா மருந்து குடுக்க வேண்டியதே அந்த வாரத்துலதான். அத்தானுக்கு நடந்ததும் இதேதான்னு பாப்பாவுக்கு லேப்ல உக்காந்துதான் புரிஞ்சுச்சு.

சரி, பணத்துக்கு வருவோம். எஃப்ஆர்ஜிஎஸ் ரெண்டுலேருந்து மூணு வருஷ கிரான்ட். அவ சேரும்போதே கடிகாரம் ஓட ஆரம்பிச்சு ரொம்ப நாள் ஆச்சு. பாதி வேலைல கிரான்ட் முடிஞ்சுச்சு. எக்ஸ்டென்ஷன் கெடச்சது, ஆனா அதுல கெடச்சது நாள்தான், காசு இல்ல. அதுக்கு முன்னாடியே மாசப் பணம் லேட்டா வர ஆரம்பிச்சுடுச்சு, கிளெய்ம் ஃபாரம் ஒரு ஆபீஸ்லேருந்து இன்னொரு ஆபீஸுக்கு போயிக்கிட்டே இருக்கும், கேட்டா "சிஸ்டம்ல இருக்கு"ன்னுவாங்க. சூப்பர்வைசர் பாவம், நல்ல மனுசன், அவரால ஒண்ணும் பண்ண முடியல. செமஸ்டர் ஃபீஸ் மட்டும் கரெக்டா வந்து நிக்கும். கடைசி மாசங்கள் பூரா ராத்திரில என் டியூஷன் பிள்ளைங்களுக்கு ஆன்லைன்ல பயோலஜி சொல்லிக் குடுத்து ஓட்டுனா. 2024-ல தீசிஸ் சப்மிட் பண்ணிட்டா.

காசு யார் பையிலேருந்து வருது

அப்பதான் ரெண்டு பேரும் உக்காந்து பேசுனோம். நான் சொன்னது ஒண்ணுதான், அடுத்த தடவ எந்த எடம் பெரிய பேருன்னு பாக்காத, காசு யார் பையிலேருந்து வருது, எது வரைக்கும் வரும், அந்தப் பை காலியானா உன்ன யாரு தூக்குவா, இந்த மூணையும் பாரு. அவ லேப் நோட்புக்கோட பின்பக்கத்துல கோடு போட்டு எழுத ஆரம்பிச்சா.

அமெரிக்கா. பயோமெடிக்கல் பிஎச்டிக்கு மாஸ்டர்ஸ் கட்டாயம் இல்ல, டிகிரி முடிச்சே போகலாம், அஞ்சு ஆறு வருஷம் இழுக்கும். மொத வருஷம் ரெண்டு மூணு லேப்ல ரொட்டேஷன், அப்புறம்தான் சூப்பர்வைசர். ஃபீஸும் ஸ்டைபெண்டும், அதான் மாசாமாசம் குடுக்குற காசு, புரோகிராம் பாத்துக்கும். கேக்க நல்லா இருக்கு. ஆனா மருத்துவ ஆராய்ச்சிக்கு காசு குடுக்குற அமெரிக்க அரசாங்க அமைப்பு என்ஐஎச்சோட டி32 பயிற்சி கிரான்ட் அமெரிக்க குடிமகனுக்கும் அங்க நிரந்தரவாசியா இருக்குறவருக்கும்தான், வெளிநாட்டு மாணவருக்கு யூனியோட சொந்தக் காசு, இல்லன்னா பேராசிரியரோட கிரான்ட். அதனால ஒரே சீட்டு மாதிரி தெரிஞ்சாலும் நமக்கு இருக்குற சீட்டு கம்மி. அங்க கமிட்டிதான் ஆள எடுக்கும், பேராசிரியருக்கு நூறு ஈமெயில் போட்டாலும் அவரு தனியா ஒண்ணும் பண்ண முடியாது.

யூகேல நேர் மாறு, சூப்பர்வைசரும் புராஜெக்ட்டும்தான் மொதல்ல. அங்க அரசாங்க ஆராய்ச்சிக் காச பிரிச்சுக் குடுக்குற யூகேஆர்ஐயோட காசு 2021-லேருந்து வெளிநாட்டவருக்கும் தொறந்தாச்சு, ஆனா ஒவ்வொரு சேர்க்கையிலயும் 30 சதவீதத்துக்கு மேல எடுக்கக் கூடாது. ஜெர்மனில மாஸ்டர்ஸ் கேப்பாங்க, ஆனா நெறைய எடத்துல ஸ்காலர்ஷிப்பா இல்லாம வேலை ஒப்பந்தமா குடுப்பாங்க.

இங்க அக்கா பேசுனத சொல்லணும். நாங்க பேசிக்கிட்டு இருந்தப்ப கோப்பி கலக்கிக்கிட்டே கேட்டாங்க.

"ஏன்டா தம்பி, அந்தக் காசுல இபிஎஃப் புடிப்பாங்களா?"

"இல்லக்கா."

"சொக்சோ?"

"அதுவும் இல்ல."

"அப்ப அது சம்பளம் இல்லடா. கைச்செலவுக்கு குடுக்குறாங்க."

இபிஎஃப்னா ஊழியர் சேமநிதி, சொக்சோன்னா தொழிலாளிங்களுக்கான சமூகக் காப்புறுதி. புரொஃபசருங்க பக்கம் பக்கமா எழுதுறத அக்கா ஒரு வரில முடிச்சுட்டாங்க. ஸ்டைபெண்ட்னா சேமிப்பு இல்ல, வேலை செஞ்ச காலம்னு எங்கயும் ஏறாது, முப்பது வயசுல வெளிய வந்து இபிஎஃப் கணக்க பாத்தா கூடப் படிச்சவன் எங்கயோ போயிருப்பான். ஜெர்மன் ஒப்பந்தத்துல சமூகக் காப்புறுதி இருக்கு, அது ஒரு பெரிய வித்தியாசம்னு அன்னிக்குத்தான் பாப்பா பட்டியல்ல ஒரு ஸ்டார் போட்டா.

அப்புறம் சிங்கப்பூர். சிங்கான்னு ஒரு விருது, ஏ-ஸ்டார் ஆராய்ச்சி நிறுவனமும் என்யூஎஸ், என்டியூ மாதிரி யூனிங்களும் சேந்து வெளிநாட்டு மாணவருக்கு குடுக்குறது. நாலு வருஷத்துக்கு ஃபீஸ், மாச ஸ்டைபெண்ட், தகுதித் தேர்வு பாஸ் பண்ணா ஸ்டைபெண்ட் கூடும், போண்ட் இல்ல. காசு பேராசிரியரோட ஒரு கிரான்ட்ட நம்பி இல்ல, விருது உன் பேர்ல இருக்கு. சூடு கண்டவளுக்கு இந்த ஒரு வரி போதும்.

உள்ளூர் பிஎச்டியையும் சும்மா தள்ளல. நம்ம நாட்டு சாம்பிள், நம்ம நாட்டு நோயாளி, ஐஎம்ஆர், யூஎஸ்எம்மோட கூபாங் கிரியான் ஹெல்த் கேம்பஸ்னு நல்ல எடங்க இருக்கு. மைபிரெய்ன் மாதிரி அரசாங்க உதவித்தொகைத் திட்டம் கெடச்சா அருமை, ஆனா அது தொறக்கும் மூடும், நம்ம வயசும் அதும் ஒத்து வரணும்.

விண்ணப்பம்

எஸ்ஓபி, அதாவது ஏன் படிக்க வர்றேன்னு எழுதுற கட்டுரை, அதோட மொத டிராஃப்ட் "நான் ஒரு ஏழைத் தோட்டத் தொழிலாளியின் மகள்"னு ஆரம்பிச்சுச்சு, நம்ம ஊரு பேச்சுப் போட்டில வர்ற மாதிரி. ரெண்டு பத்தி கஷ்டம், ஒரு பத்தி கனவு, கடைசில கொஞ்சூண்டு ஆராய்ச்சி. தப்பு சொல்ல மாட்டேன், நம்ம பிள்ளைங்கள ஸ்காலர்ஷிப் ஃபாரம் நிரப்ப நாமதான் அப்படி பழக்கியிருக்கோம், யாரு ரொம்ப பாவம்னு காட்டுறதுக்கு. ஆனா பிஎச்டி விண்ணப்பத்த படிக்கிறவரு அஞ்சு வருஷம் தன்னோட லேப்ல யார வச்சுக்கலாம்னு பாக்குறவரு. இவளுக்கு என்ன கேள்வி இருக்கு, ஒரு பரிசோதனை சொதப்புனா என்ன பண்ணுவா, இத தெரிஞ்சுக்கத்தான் படிக்கிறாரு.

திருத்தி எழுதுனது இப்படி ஆரம்பிச்சுது: காய்ச்சல் வந்த ஒரு தோட்டத் தொழிலாளிக்கு நாலாம் நாள் எடுத்த டெஸ்ட்ல ஒண்ணுமில்ல, பத்தாம் நாள் பாசிட்டிவ், அந்த ஆறு நாளும் அவரு ரத்தத்துல என்னதான் இருந்துச்சு? தொழிலாளி தன்னோட அப்பான்னு மூணாவது பத்திலதான் சொன்னா. அப்புறம் ஃபில்டர் கதை, கல்ச்சர் நாசமானது, எப்படி திரும்ப எடுத்தான்னு நேரா எழுதிட்டா. இன்டர்வியூல எல்லாரும் கேட்டது அந்த நாசமான கல்ச்சரப் பத்திதான்.

ரெஃபரன்ஸ் லெட்டர். நம்ம நாட்டுல ஒரு வழக்கம் இருக்கு, "நீயே எழுதிக் கொண்டா, நான் சைன் போடுறேன்". மூணு லெக்சரரும் அப்படிச் சொன்னா மூணு லெட்டரும் ஒரே ஆளு கொரல்ல இருக்கும், படிக்கிறவன் முட்டாளா? பாப்பா லெட்டர் எழுதிக் குடுக்கல, அதுக்குப் பதிலா ஒவ்வொருத்தருக்கும் ஒரு பக்கம் குறிப்பு குடுத்தா, உங்ககிட்ட நான் என்ன செஞ்சேன், எந்த மாசம், எது வொர்க் ஆகலன்னு. ரெண்டு பேரு அத வச்சு சொந்தமா எழுதுனாங்க. ஒருத்தரு கடைசி நாள் வரைக்கும் புளூடிக்க காட்டிட்டு சும்மா இருந்தாரு, அது ஒரு தனிக் கதை.

சிங்கப்பூருக்கு புராஜெக்ட் பட்டியல பாத்து பேராசிரியருங்களுக்கு எழுதுனா. லெப்டோ பண்ற லேப் ஒண்ணும் தோதா அமையல. பதில் போட்டவரு ஒருத்தரு, டெங்கில ரத்தக் குழாய் ஏன் ஒழுகுதுன்னு பாக்குறவரு. லெப்டோலயும் கடைசில ரத்தக் குழாய்தான் கெட்டுப் போகுது, நுரையீரல்ல ரத்தம் கசியும், அதனால ரெண்டுத்துக்கும் நடுவுல ஒரு பாலம் இருக்கு. பாப்பா மொதல்ல மொகத்த சுருக்குனா, "டெங்கின்னு சொல்லித்தானே மாமா அப்பாவ கெடுத்தாங்க, நானே போயி டெங்கி படிக்கவா"ன்னா. எனக்கு அது பிரச்சனையாவே தெரியல. பிஎச்டில கத்துக்குறது முறை, செல் வளக்குறது, இமேஜிங், டேட்டாவ சந்தேகப்படுறது, அத வச்சு எந்த நோய்க்கு வேணாலும் பின்னாடி வரலாம். ரெண்டு வாரம் பேசல, அப்புறம் அவளே ஒத்துக்கிட்டா.

அமெரிக்க விண்ணப்பம், சிங்கப்பூர் விண்ணப்பம் ரெண்டும் 2024 டிசம்பர்லயே போயிடுச்சு. அமெரிக்காவுல விண்ணப்பக் கட்டணமே வெள்ளில மாத்துனா மயக்கம் வரும், ஆனா பல எடத்துல கட்டண விலக்கு கேட்டா குடுக்குறாங்க, கேக்காம கட்டுற நம்ம பிள்ளைங்க நெறைய.

2025 பிப்ரவரி

அமெரிக்கால ஜூம் இன்டர்வியூ நல்லா போச்சு. அப்பதான் பிப்ரவரி 7, கிரான்ட்டோட சேத்து கட்டடம், நிர்வாகம்னு யூனிங்களுக்கு குடுக்குற மறைமுகச் செலவ 15 சதவீதமா வெட்டப் போறோம்னு என்ஐஎச் அறிவிச்சுது. கோர்ட்டு தடுத்துச்சு, ஆனாலும் பயம் பத்திக்கிச்சு. யூமாஸ் சான் மருத்துவக் கல்லூரி அந்த வருஷத்துக்கு குடுத்திருந்த பயோமெடிக்கல் பிஎச்டி அழைப்பையே திரும்ப எடுத்துக்கிச்சு, பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. பாப்பா இன்டர்வியூ போன எடம் வேற, அங்கேருந்து மொதல்ல வெயிட்லிஸ்ட்னு வந்துச்சு, அப்புறம் இந்த வருஷம் சேர்க்கைய கொறச்சிட்டோம்னு ரெண்டு வரி. அமெரிக்காவுல ஏப்ரல் 15 வரைக்கும் யோசிக்க டைம் குடுக்கணும்னு யூனிங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம் இருக்கு, அந்தத் தேதி வரைக்கும் எடம் காலியாகுமான்னு அவ மெயில பாத்துக்கிட்டே இருந்தா. நடுவுல சிங்கப்பூர் கடிதம் வந்துடுச்சு.

சிலரு கேட்டாங்க, அடுத்த வருஷம் அமெரிக்காவுக்கு திரும்ப போட்டிருக்கலாமே, ஏன் அவசரம்னு. என் கணக்கு வேற. தன் தப்பே இல்லாம ஒரு சீட்டு காத்துல போகும்னு கண்ணால பாத்தாச்சு, கையில நாலு வருஷத்துக்கு உறுதியான காசு இருக்கு, எட்டு ஒம்போது மணி நேர பஸ் தூரத்துல அப்பா அம்மா. பெரிய லேப் பேரு பத்து வருஷம் கழிச்சு, பிஎச்டிக்கு அப்புறம் பண்ற போஸ்ட்டாக் ஆராய்ச்சி வேலையிலயும் வாங்கிக்கலாம்.

ஒரு விஷயம் மட்டும் யாரும் சொல்லித் தரல. போய்ச் சேர்றதுக்கு உதவித்தொகை எல்லாம் இருக்கு, ஆனா அது அங்க போய் ரெஜிஸ்டர் பண்ணி பேங்க் கணக்கு தொறந்தப்புறம்தான் கைக்கு வரும். ரூம் டெபாசிட் மொத நாளே சிங்கப்பூர் டாலர்ல வைக்கணும். அதுக்கு காசு வந்த வழிதான் எனக்கு ரொம்ப புடிச்சது. எங்க ஊர்க்காரரு, அப்ப மந்திரியா இருந்த துன் சம்பந்தன் 1960-ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சப்ப, தோட்டத்த துண்டு போட்டு விக்கிறாங்கன்னு தொழிலாளிங்ககிட்ட பத்து பத்து வெள்ளியா பங்கு சேத்தாரு. எங்க தாத்தாவும் கட்டுனாரு. அந்தப் பங்குல வந்தத பாட்டி ஒரு பேங்க் புக்ல போட்டு வச்சிருந்தாங்க, டெபாசிட் அதுலேருந்து போச்சு. ரப்பர் மரம் வெட்டுன காசுன்னு பாட்டி சொல்றாங்க, கணக்குப்படி பாத்தா பாதிக்கு மேல செம்பனைக் காசுதான், நான் வாயத் தொறக்கல.

இப்ப

2025 ஆகஸ்ட் இன்டேக்ல சேந்துட்டா. மாசம் வீட்டுக்கு கொஞ்சம் அனுப்புறா, அனுப்பாதன்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்குறா. இபிஎஃப்ல சுயமா போடுற வசதி இருக்கு, அதுல சின்னதா ஒரு தொகை போட ஆரம்பிச்சிருக்கா, அது அக்கா சொல்லி. லேப்ல இப்ப ரத்தக் குழாய் செல் வளக்குறா, லெப்டோ மாதிரி இல்ல, ரெண்டு மூணு நாள்லயே தட்டு நெறஞ்சிடுது, அதனால சனி ஞாயிறும் போயி செல்லுக்கு சாப்பாடு மாத்தணும். தீபாவளிக்கு வந்தப்ப ரெண்டு நாள்தான் நின்னா, செல்ல பாத்துக்க சீனத் தோழிகிட்ட சொல்லிட்டு வந்தாளாம், போன்ல அந்தப் பொண்ணுகிட்ட வழிகாட்டிக்கிட்டே முறுக்கு தின்னா.

அடுத்தது தகுதித் தேர்வு. எழுத்துல ஒரு ரிப்போர்ட், அப்புறம் குழு முன்னாடி வாய்மொழி. தோத்தா இன்னொரு வாய்ப்பு இருக்கா, அதுலயும் போனா மாஸ்டர்ஸோட வெளிய வரணுமான்னு அவளோட யூனி விதியப் படிச்சு வைக்கச் சொல்லியிருக்கேன், அதையும் பட்டியல்ல எழுதியாச்சு. கூடவே பேராசிரியரோட கிரான்ட் எப்ப முடியுதுன்னும் கேட்டு வச்சிருக்கா, ஏன்னா அவ ஸ்டைபெண்ட் விருதுலேருந்து வந்தாலும் கெமிக்கல் வாங்குற காசு அந்தக் கிரான்ட்லேருந்துதான். 2027 கடைசி வரைக்கும் இருக்குன்னு பதில் சொன்னாராம். அவ விருது அதத் தாண்டி போகும், அந்த இடைவெளிக்கு என்ன பண்ணப் போறீங்கன்னு அடுத்த மீட்டிங்ல கேக்கப் போறா.